மூன்று சுரம் கேட்க மண்டபத்துக்குப் போகும் பெற்றோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், பழக் குலை ஏற்றி வரும் லாரிகளை எடைபோட்டுக் கணக்கெழுதுவது என் வேலை. பிள்ளைகள் மூவர், மூவருக்கும் தமிழ்ப்பள்ளி. 11 ஆண்டுகளாக ஆசிரியர் தினம், பரிசளிப்பு விழா என்று ஒன்றையும் விடாமல் போய் உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறை நாற்பது பிள்ளைகள் ஒன்றாக ரெக்கோடர் என்னும் ஊதுகுழலை ஊதத் தொடங்கியதும், எனக்குப் பக்கத்தில் இருந்த தந்தை காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இரண்டாம் வரிசையில் நின்ற அவர் மகன், ஊதிக்கொண்டே அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தான். அந்தப் பார்வை மனத்தை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையின் குழலை வாங்கி நீங்களே ஊதிப் பாருங்கள். முன்பக்கம் ஏழு துளை, பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. பிள்ளைகள் முதலில் கற்பது பெரும்பாலும் பி, ஏ, ஜி என்னும் மூன்று சுரங்கள். பின் துளையை மூடிக்கொண்டு, முன்னால் மேலிருந்து ஒரு விரல் வைத்தால் பி, இரண்டு வைத்தால் ஏ, மூன்று வைத்தால் ஜி. எளிது என்று தோன்றும். ஊதினால் கீச்சென்று கத்தும். மூச்சின் வேகம் கூடக் கூடச் சுருதி மேலே ஏறும். இன்னும் அழுத்தினால் ஒரேயடியாக மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். இந்தக் குழலுக்குக் கண்ணாடியில் ஆவி படியும் அளவு மூச்சே போதும். மேடையில் கூட்டத்தைக் கண்டதும் பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. நாற்பது பேரும் ஆளுக்கு ஓர் அளவில் அழுத்தி ஊதினால் நாற்பது சுருதி கேட்கும். நம் காதைக் குடைவது பிள்ளைகளின் சோம்பல் அன்று, பயம். இது புரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சத்தம் பாரமாக இல்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இரண்டாமவன் ஐந்தாம் ஆண்டில் படித்தபோது எஃப் சுரம் மட்டும் எப்போதும் பிசகியது. ஒழுங்காகப் பழகவில்லை என்று அவனைக் கடிந்துகொண்டேன். ஒருநாள் அவன் நண்பனின் குழலையும் வாங்கிச் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நண்பனுடையதில் முன்பக்கம் மேலிருந்து ஐந்தாம் துளை நான்காவதைவிடச் சிறியது. எங்களுடையதில் நான்காம் துளை சிறியது. முதல் வகை ஜெர்மன் முறை, அடுத்தது பரோக் முறை. எஃப் சுரத்துக்கு இரண்டிலும் விரல் வைப்பு வேறு. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஜெர்மன் முறை. நான் கடையில் வாங்கிக் கொடுத்தது மற்றது. தவறு என்னுடையது. வாங்குவதற்கு முன் எந்த வகை வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

அன்று மாலை பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். பிரமுகர் உரை முடியும்வரை அவர்கள் மேடைக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். குழலைக் கையிடுக்கில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்ந்த குழலுக்குள் மூச்சின் ஈரம் நீராகப் படிந்து வழியை அடைக்கும். அடைத்துவிட்டால், வாய் வைக்கும் பகுதிக்குக் கீழே உள்ள சதுரத் திறப்பை விரலால் மூடிக்கொண்டு ஒருமுறை பலமாக ஊதினால் சரியாகிவிடும், சத்தமும் வராது.

உட்காரும் இடம் முக்கியம். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வேண்டாம். பிள்ளை நிற்கும் பக்கம், நடைபாதை ஓர நாற்காலி நல்லது. தேடாமலே உங்களைக் கண்டுகொள்வாள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். படம் எடுக்கும் கை முகத்தை மறைத்துவிடும். அவளுக்கு வேண்டியது அந்த முகம். யாராவது கீச்சிட்டால் சிரிக்காதீர்கள், அது மேடைவரை கேட்கும்.

எதைக் கேட்பது என்பதை அப்பாவிடம் கற்றேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முப்பது ஆண்டு நாதஸ்வரம் வாசித்தவர். மூத்தவளின் நிகழ்ச்சிக்கு அவரை அழைத்துச் செல்லவே தயங்கினேன். அவரோ முழுப் பாட்டுக்கும் தொடையில் தாளம் போட்டபடி இருந்தார். முடிந்ததும், "சுருதி விலகியது, காலம் விலகவில்லை, கவனித்தாயா? நாற்பது பேரும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள்" என்றார். அதன் பிறகு நானும் அப்படித்தான் கேட்கிறேன்: சேர்ந்து தொடங்குகிறார்களா, சேர்ந்து மூச்சு எடுக்கிறார்களா, சேர்ந்து முடிக்கிறார்களா. கண் மட்டும் என் பிள்ளையின் விரல்மேல் இருக்கும். மண்டபத்தின் தகரக் கூரைமேல் மழை கொட்டிய ஆண்டில் ஒரு சுரமும் காதில் விழவில்லை. விரல்களைப் பார்த்தே பாட்டைப் பின்தொடர்ந்தேன்.

வீடு திரும்பும்போது "அருமை, அருமை" என்று மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். பிசகியது பிள்ளைக்கே தெரியும், உங்கள் பாராட்டை நம்பமாட்டாள். நீங்கள் உண்மையில் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். போன முறை கடைக்குட்டியின் கடைசி ஜி வீறிட்டுக் கத்தியது. காரில் ஏறியதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. சாலைச் சமிக்ஞை விளக்கில் நின்றபோது, "கடைசி ஜி-யில் மூன்று விரலும் சரியாக இருந்தது, நான் பார்த்தேன்" என்றேன்.

வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பின்னால் கட்டைவிரல் வழுக்கிவிட்டது, அம்மா. கை வேர்த்திருந்தது" என்றாள். பையிலிருந்து குழலை எடுத்தாள். கட்டைவிரலைப் பாவாடையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, மெல்ல ஊதினாள்.