சின்ன கடைசல் மிஷின்ல எவ்ளோ ஸ்பீடு வைக்கலாம்?

வீட்டுல சின்ன லேத் வச்சு பூரிக்கட்டை, மத்து, கிண்ணம்னு கடைய ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேக்கறது எவ்ளோ ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) வைக்கணும்னுதான். இதுக்கு ஒரே நம்பர் கிடையாதுங்க, மாட்டியிருக்கற கட்டை எவ்ளோ அகலம், உருண்டையா இருக்கா கோணல்மாணலா இருக்கா, அத வச்சுதான் ஸ்பீடு.

1000 ஆர்பிஎம்ல 2 இன்ச் கட்டையோட ஓரம் மணிக்கு 10 கிலோமீட்டர் கூட போகாது, அதே 1000ல 10 இன்ச் கட்டையோட ஓரம் கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர்ல போகும். ஸ்பீட ரெண்டு மடங்காக்கினா கட்டைய வெளிய இழுக்கற விசை நாலு மடங்காகுது, இத மனசுல வச்சுக்கிட்டா பாதி தப்பு நடக்காது.

கிண்ணம் கடையறவங்க ரொம்ப நாளா வச்சிருக்கற கணக்கு ஒண்ணு இருக்கு. கட்டையோட குறுக்களவு இன்ச்ல எடுத்து ஆர்பிஎம்மோட பெருக்கினா 6000ல இருந்து 9000க்குள்ள வரணும். 8 இன்ச்னா 750ல இருந்து 1125 வரைக்கும். ஆனா இது உருண்டையாகி ஆட்டம் நின்ன கட்டைக்குதான், பட்டையோட இருக்கற 8 இன்ச் கட்டைய நான் 400, 500லதான் ஆரம்பிப்பேன், உருண்டையாக ஆக கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, மிஷின் அதிர ஆரம்பிச்சா உடனே இறக்கிடுவேன். பூரிக்கட்டைக்கு இந்த கணக்கு போட்டா 3000க்கு மேல வரும், அத நம்பாதீங்க, நீளமான கட்டை நடுவுல வில்லு மாதிரி வளைஞ்சு அடிக்கும். சதுரக் கட்டைய உருட்டற வரைக்கும் 800, 1000, அப்புறம் 1500, 2000 போதும்.

நம்ம ஊர்ல கடைல வாங்கற சாதா மோட்டார் பெரும்பாலும் 1440 ஆர்பிஎம். அத மோட்டார் புல்லியோட (பெல்ட் மாட்டற சக்கரம்) அளவால பெருக்கி, கட்டை சுத்தற பக்கத்து புல்லியோட அளவால வகுத்தா உங்க ஸ்பீடு வந்துரும், 2 இன்ச்சுல இருந்து 4 இன்ச்சுக்கு பெல்ட் போட்டா 720. அமெரிக்கா வீடியோ பாத்து அதே புல்லி போட்டா அதே ஸ்பீடு வராது, அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், மோட்டார் 1725.

கட்டைய மாட்டினதும் பிளக்க பிடுங்கிட்டு, பெல்ட்ட தளர்த்தி, கையால மெதுவா சுத்தி விட்டுருங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் கீழ வந்து நின்னா அந்தப் பக்கம் கனம் ஜாஸ்தின்னு அர்த்தம், அது குறையற வரைக்கும் கீழ் ஸ்பீடுதான். டூல் ரெஸ்ட்ல (உளிய தாங்கற கம்பி) இடிக்குதா, எங்கயாவது விரிசல் இருக்கான்னும் அப்பவே பாத்துடுங்க. விரிசல் விட்ட கட்டைக்கு சேஃபான ஸ்பீடுன்னு எதுவும் இல்ல, தூக்கி அடுப்புல போட்டுருங்க.

ஒரு தடவை ராத்திரி பம்பரம் கடைஞ்சிட்டு பெல்ட்ட அப்படியே மேல் ஸ்பீடு புல்லிலயே விட்டுட்டேன். மறுநாள் 7 இன்ச் மாமரக் கட்டைய சக்ல (கட்டைய கவ்விப் பிடிக்கற பாகம்) மாட்டி, பெல்ட்ட பாக்காம சுவிட்ச போட்டேன். ஸ்டாண்டே நகர்ந்து, ரெண்டு செகண்டுல கட்டை சக்க விட்டு கழண்டு செவுத்துல போய் அடிச்சது, செங்கல் தெரியற அளவுக்கு பூச்சு பேந்து போச்சு. நான் சைடுல நின்னதால தப்பிச்சேன். அதனாலதான் சொல்றேன், சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேரா நிக்காதீங்க, முகம் முழுக்க மூடற ஷீல்டு போடுங்க, கண்ணாடி மட்டும் பத்தாது, முடியற வேலைக்கெல்லாம் டெயில்ஸ்டாக்க (கட்டையோட மறுமுனைய தாங்கற பாகம்) முட்டு குடுத்து வைங்க.

உப்புத்தாள் போடும்போது ஸ்பீட குறைச்சிடுங்க, வேகமா தேச்சா சூடேறி மரம் வெடிக்கும். வேலை முடிஞ்சதும் சுருள் கூட்டறதுக்கு முன்னாடியே பெல்ட்ட கடைசி கீழ் ஸ்பீடுக்கு மாத்தி வச்சிட்டுப் போங்க, நான் இப்ப அப்படித்தான் பண்றேன்.