வன்னிக் கிராமமொன்றில் சமூக வானொலிப் பணியைத் தொடங்கும் முறை

இலங்கையில் சமூக வானொலிக்கென்று தனியான உரிம வகை இல்லை. தனியார் ஒலிபரப்புக்கான உரிமம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. அலைவரிசையை ஒதுக்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பு. ஆகவே ஒரு கமக்காரர் அமைப்போ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ சிறிய எஃப்.எம். ஒலிபரப்பி ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டுப் பேசத் தொடங்குவது சட்டப்படி முடியாது. அந்த எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும்.

இதனால் மனம் தளர வேண்டியதில்லை. 1981இல் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களிலே சில நாட்கள் தங்கி, மக்களோடு பழகி, அவர்கள் பேசியதை அங்கேயே பதிவுசெய்து, கூட்டுத்தாபனத்தின் ஒலிபரப்பு வழியாகவே கொண்டுசென்றனர். மகாவலி ஆற்று நீரைக் கொண்டு குடியேற்றங்களை அமைத்த மகாவலித் திட்டம் குறித்து முல்லைத்தீவு மக்களுக்கு நியாயமான மனக்குறைகள் உண்டு. ஆயினும் அந்த வானொலியின் வேலைமுறையைக் கற்றுக்கொள்வதில் தவறேதும் இல்லை. ஊருக்குள் இருந்து பேச்சைப் பதிவதும், அதை ஊர் முழுவதும் கேட்கச் செய்வதும், கேட்டவர்களின் மறுமொழியை அடுத்த நிகழ்ச்சியில் சேர்ப்பதுமே சமூக வானொலியின் உயிர். இவை மூன்றையும் உரிமம் கிடைப்பதற்கு முன்பே செய்யலாம்.

தொடக்கத்தில் ஒரேயொரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமமாயின் சிறுபோகத் (மழை குறைந்த காலப் பயிர்ச்செய்கை) தண்ணீரே போதும். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் துருசு (குளத்து மதகு) திறப்பது, எத்தனை மாத நெல்லினம் போடுவது என்பன கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் போகக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. அங்கே அமைப்புகளின் பிரதிநிதிகள் இருப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவரும், கணவனை இழந்து தனியே கமம் செய்யும் பெண்ணும் பெரும்பாலும் இருப்பதில்லை. கூட்டத் தீர்மானங்களை அன்றைக்கே பத்து நிமிட நிகழ்ச்சியாக்கி அவர்களிடம் சேர்ப்பதைவிடப் பயனுள்ள முதல் வேலை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

குழுவுக்கு ஐந்தாறு பேர் போதும். அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருப்பது அவசியம். ஏனெனில், பல வீடுகளில் பெண்களிடம் பேச ஆண் ஒருவர் ஒலிவாங்கியோடு போனால் கிடைப்பது மரியாதையான மௌனம்தான்.

பதிவுக்குக் கைத்தொலைபேசி போதும். அழைப்பு வந்து குழப்பாதபடி அதை விமானப் பயன்முறைக்கு (ஏர்பிளேன் மோட்) மாற்றி, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். வயல்வெளியில் சோளகம் வீசும் நாட்களில் காற்று ஒலிவாங்கியில் மோதிப் பேச்சை விழுங்கிவிடும். காற்றுக்கு முதுகு கொடுத்து நின்று, ஒலிவாங்கியில் மெல்லிய துணியொன்றைச் சுற்றிக்கொண்டால் அந்த இரைச்சல் பெருமளவு குறையும். பேச்சு முடிந்தபின் அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் தனியே பதிந்து வைத்தால், வெட்டி ஒட்டிய இடங்களை அதைக்கொண்டு மறைக்கலாம். கேள்வியில்தான் கூடிய கவனம் வேண்டும். “தண்ணீர்ப் பிரச்சினை எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் எல்லோரும் சொல்வதையே அவரும் சொல்வார். “அக்கா, உங்கட வரம்புக்குக் கடைசியாத் தண்ணி எப்ப வந்தது? எவ்வளவு நேரம் நிண்டது?” என்று கேட்டால் அடுத்த நாள் அதிகாரி ஒருவரிடம் காட்டத்தக்க விபரம் கிடைக்கும்.

அந்த விபரத்தைச் சரிபார்க்காமல் வெளியிடக் கூடாது. திகதியும் அளவும் குறைந்தது இருவரிடமாவது ஒத்துப்போக வேண்டும். நோய், பூச்சி, பசளை பற்றிய எதையும் விவசாயப் போதனாசிரியரிடமோ விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசிச் சேவையிலோ கேட்டு உறுதிசெய்யுங்கள். அலுவலகமொன்று எழுத்தில் தர வேண்டிய தகவலைத் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த பதிலை அப்படியே வாசித்துப் பதிவதே ஒரு நல்ல நிகழ்ச்சியாகிவிடும்.

தொகுப்புக்கு ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதுமானது. 64 கிலோபிட் ஒற்றைத்தட எம்.பி.3 கோப்பாகச் சேமித்தால் பத்து நிமிட நிகழ்ச்சி 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். வட்ஸ்அப்பில் அனுப்பவும் கேட்கவும் இலகு. ஆனால் வட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள், ஏனெனில் கைத்தொலைபேசி வீட்டில் பெரும்பாலும் பிள்ளையின் கையிலோ கணவனின் பையிலோதான் இருக்கும். பால் சேகரிக்கும் நிலையம், தேநீர்க்கடை, ஓட்டோ, சனசமூக நிலையம் ஆகிய இடங்களில் பென் ட்ரைவ் மூலம் போடச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு மாலை பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக் கேட்கவைத்து, முடிந்ததும் அவர்கள் சொல்வதையும் பதியுங்கள். கொத்மலைச் சமூக வானொலியில் நேயர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி, அத்துறை தெரிந்த ஒருவரை வைத்து விளக்கிச் சொன்னார்கள். அதே முறையை உங்கள் கேட்போர் வட்டத்திலும் கையாளலாம்.

மாரி காலத்தில் இந்த வலையமைப்பு வேறொரு கடமையையும் ஏற்க வேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, குளத்தின் வான் கதவு (மிகைநீரை வெளியேற்றும் கதவு) திறக்கும் செய்தி சில மணித்தியாலம் முந்திக் கிடைப்பதன் பெறுமதி தெரியும். எச்சரிக்கையை நீர்ப்பாசனத் திணைக்களத்திடமிருந்தோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலிருந்தோ நேரடியாகப் பெற்று, பெற்ற நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்த ஐப்பசிக்கு முன்பே நிர்வாகத்தினரிடம் இணக்கம் பெற்றிருக்க வேண்டும்.

போரின் இழப்புகளைப் பேச வருபவர்களிடம் மிகுந்த பொறுப்போடு நடந்துகொள்ளுங்கள். பெயரை மறைத்தாலும் சிறிய ஊரில் குரலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பதிவை முதலில் அவருக்கே போட்டுக் காட்டி, எதை நீக்க வேண்டும் என்று கேட்டு, அவர் மனம் மாறினால் முழுவதையும் அழித்துவிடுங்கள். அவருடைய கண்ணீர் நிகழ்ச்சிக்கு வலுச்சேர்க்கும் என்ற எண்ணம் குழுவில் எவருக்கும் வரக் கூடாது.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் திகதி, விடயம், பேசியவர் தொகை, எழுந்த கேள்வி, கிடைத்த பதில் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஒரு போகம் முழுவதும் இப்படி நடத்திய பின், தெரிந்தெடுத்த நிகழ்ச்சிகளோடும் அந்தக் கொப்பியோடும் பிரதேச செயலாளரின் பரிந்துரையைப் பெற்று, கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவையிடம் வாரம் அரை மணி நேரம் கோரி விண்ணப்பியுங்கள்.