ஒட்டு மாங்கன்று: நட்ட பிறகு செய்யும் தவறுகள்

ஐப்பசியில் மழை இறங்கியதும் மட்டக்களப்பில் ஒட்டுக்கன்று வியாபாரம் சூடுபிடித்துவிடும். மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு மாங்கன்றுகளைக் கட்டிக்கொண்டு போகிறவர்களை எந்தத் தெருவிலும் காணலாம். நடுவதற்கு அதுதான் சரியான பருவம். தை வரைக்கும் வானமே தண்ணீர் ஊற்றும். பங்குனி வெயிலும் அதற்குப் பின்னால் கச்சான் என்ற வறண்ட மேல்காற்றும் வருவதற்குள் கன்று வேர் பிடித்துவிடும்.

நிழலில் நடக்கூடாது, பையைக் கிழிக்காமல் புதைக்கக்கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நான் கன்று கட்டி விற்கிறவன். நட்டு நாலைந்து வருடம் கழித்து என்னிடம் சண்டைக்கு வரவைக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை வளர விடுவது

ஒட்டுக்கன்று என்றால் ஒன்றாகக் கட்டிய இரண்டு மரங்கள். கீழே இருக்கும் ஒட்டுக்கட்டை, ஏதோ ஒரு நாட்டு மாங்கொட்டையில் முளைத்த நாற்று. மேலே செருகிக் கட்டியிருப்பதுதான் நீங்கள் காசு கொடுத்த கறுத்தக்கொழும்பான், விலாட் போன்ற மா இனம். இரண்டும் சேரும் இடம் சற்றுப் புடைத்து, பட்டையில் கத்தி இறங்கிய தழும்போடு இருக்கும். அந்தத் தழும்புக்குக் கீழே வரும் எந்தத் தளிரும் நாட்டு மரத்தின் தளிர். வேருக்குக் கிட்ட இருப்பதால் சாப்பாடு அதற்குத்தான் முதலில் போகும். ஒரு மாரி போதும், ஒட்டுக்கிளையைத் தாண்டி நிமிர்ந்துவிடும்.

வீட்டுக்காரருக்கோ சந்தோஷம். "கன்று நன்றாகக் கிளைக்கிறது" என்று அந்தத் தளிருக்குப் பசளையும் போடுவார்கள்.

ஆரையம்பதியில் ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "மகன், நீங்கள் தந்தது கறுத்தக்கொழும்பானே இல்லை. கடித்தால் நார்தான் பல்லில் நிற்கிறது, சர்க்கரை தொட்டாலும் புளிக்கிறது" என்றார். மரம் கூரை உயரத்துக்கு நின்றது. நான் குனிந்து அடிமரத்தைப் பார்த்தேன். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பக்கவாட்டில், விரல் பருமனில் காய்ந்த குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் நான் சுற்றிய பொலித்தீன் நாடா அப்படியே இருந்தது, பாதி பட்டைக்குள் புதைந்து. அதுதான் கறுத்தக்கொழும்பான். அவர் வளர்த்தது முழுக்க நாட்டு மரம்.

இதில் எனக்கு ஆத்திரம் வருவதற்குக் காரணம், கன்றைக் கையில் கொடுக்கும்போதே எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன் என்பதுதான். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். நாலு வருடத் தண்ணீரும் மாட்டெருவும் போன பிறகு, ஏமாற்றி விற்றவன் என்ற பெயர் எனக்கு.

இந்த வில்லங்கம் பெரும்பாலும் மூன்று வழிகளில் தொடங்குகிறது. முதலாவது அந்த நாடா. ஒட்டு நன்றாகப் பிடித்து மேலே புதிய இலைகள் முற்றியதும் அதை வெட்டி எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் தண்டு பருக்கப் பருக்கக் கழுத்தை நெரிக்கும். மேலே ஓட்டம் தடைப்பட, கீழே தளிர் பீறிடும். இரண்டாவது ஆடு. வேலி தாண்டி வந்து மேற்பாதியைக் கடித்துவிட்டுப் போகும். மீந்த கட்டை தழைத்ததும் "உயிர் தப்பிவிட்டது" என்பார்கள். தப்பியது எது என்று பார்ப்பதில்லை. மூன்றாவது வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கும் நம் எழுவான்கரை மணல். ஆழமாக நட்டாலும், மழை வெள்ளம் பாத்திக்குள் மணலை இழுத்து வந்தாலும் ஒட்டு மூடிப்போகும். பிறகு எந்தத் தளிர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. தழும்பு எப்போதும் மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். மாரி முடிந்ததும் அடியைச் சுற்றி மணலைக் கையால் விலக்கிப் பாருங்கள்.

தளிர் பிஞ்சாக இருக்கும்போது பெருவிரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். முற்றியிருந்தால் கூரான கத்தியால் தண்டோடு ஒட்ட வெட்டுங்கள். கட்டை விட்டு வெட்டினால் ஒன்று இருந்த இடத்தில் நாலு வரும்.

ஆரையம்பதி மரத்தைத் தறிக்கச் சொல்லவில்லை. இடுப்பு உயரத்தில் வெட்டிவிட்டு, வந்த தளிர்களில் நல்ல நாலை நிறுத்தி, அவை பென்சில் பருமன் ஆனதும் கறுத்தக்கொழும்பான் கிளைகளைச் செருகிக் கட்டினேன். வேர் பழையது என்பதால் சீக்கிரம் எழும்பும். கூலி வாங்கவில்லை. அந்த அம்மா இன்னும் என்னை முழுதாக நம்பவும் இல்லை.

பச்சைச் சாணம்

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வண்டியில் மலிவாக வருகிறது என்று நடும் குழியில் அப்படியே கொட்டாதீர்கள். மக்காத சாணம் சூடேறி வேரைக் கருக்கும், கறையானையும் அழைக்கும். மக்கிய எருவோடு தென்னந் தும்புத்தூளும் கலந்தால் மணல் கொஞ்சமாவது ஈரம் பிடிக்கும்.

முதல் வருடப் பூ

கிள்ளிவிடுங்கள்.

பூக்கும் முன்னர் தண்ணீர்

வேர் பிடித்த, காய்க்கும் வயது மரத்துக்கு மழை ஓய்ந்ததும் கொஞ்சக் காலம் தண்ணீர் கொடுக்கக்கூடாது. அப்படி மண் காயும்போதுதான் மா பூக்கும். பாவம் என்று தினமும் குழாயைத் திறந்துவிட்டால் பூவுக்குப் பதிலாக இலைதான் தள்ளும். பிஞ்சு பிடித்த பிறகு தாராளமாக ஊற்றலாம்.

பூத்திருக்கும்போது மழை வந்து பூங்கொத்து கறுத்தால் அது அந்திரக்னோஸ் என்ற பூஞ்சண நோய். கண்ணூறு என்று சொல்லி மரத்தில் பழைய செருப்பைக் கட்டிப் பயனில்லை.

நெக்டரின்

வேண்டாம். மாங்கன்று வாங்க வருகிறவர்கள் படத்தைக் காட்டி இதன் கன்றையும் கேட்கிறார்கள். வழுவழுப்பான தோலுள்ள பீச் பழம் அது. பெரும்பாலான வகைகள் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் 7 பாகை செல்சியசுக்கும் கீழே நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் உறங்கி எழ வேண்டும். இங்கே கல்லடியில் மார்கழி இரவுகூட 20 பாகைக்கு மேலேதான் நிற்கும். கன்று சாகாமல் இருந்தாலும் வெறும் இலையோடுதான் நிற்கும்.

வெட்டப் பயப்படுவது

காய் பறித்து முடிந்த உடனே வெட்டுங்கள். பிந்தி வெட்டினால் புதிய தளிர் முற்றுவதற்குள் பூக்காலம் வந்துவிடும். முற்றாத தளிர் பூக்காது. நடுவில் செங்குத்தாக ஓடும் கிளையை எடுத்துவிட்டால் வெயில் உள்ளே இறங்கும், காயும் கைக்கு எட்டும். வெட்டும்போதே தழும்புக்குக் கீழேயும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.