குடும்பத்தோடு துவோல் ஸ்லெங் போவது எப்படி? மதுரையிலிருந்தே தொடங்க வேண்டிய ஏற்பாடுகள்

கம்போடியா டூர் திட்டத்தாள் கைக்கு வந்ததும், தலைநகர் புனோம் பென்னுக்கு ஒதுக்கிய நாளில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: காலையில் அரண்மனை, அப்புறம் துவோல் ஸ்லெங் என்ற ஜெனோசைட் மியூசியம் (இனப்படுகொலை நினைவகம்), மதியச் சாப்பாடு, மாலையில் மார்க்கெட் ஷாப்பிங். அப்பத்தாவிலிருந்து ஆறாம் வகுப்புப் பையன் வரை எல்லாரும் ஒரே வேனில் போய் இறங்குவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கம்போடியா வரை போய்விட்டு அந்த இடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் யார் உள்ளே போவது, யார் வெளியே இருப்பது என்பதை அந்த வாசலில் நின்றுகொண்டு முடிவு செய்ய முடியாது. அது மதுரையில் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். முதல்முறை போகிறவர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: அது என்ன இடம் என்று பெரியவர்கள் படித்துக்கொள்ளுங்கள்

1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை புனோம் பென் நகரைப் பிடித்தது. பிடித்த கையோடு நகரத்து மக்கள் அத்தனை பேரையும் வயல்வேலைக்கு விரட்டியது. பணம் ஒழிக்கப்பட்டது. பள்ளிகள், சந்தைகள், புத்த விகாரைகள் எல்லாம் மூடப்பட்டன. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் பட்டினி, நோய், ஓயாத வேலை, கொலை என 15 முதல் 20 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. நாட்டில் ஏறத்தாழ நாலில் ஒருவர்.

துவோல் ஸ்லெங் அதற்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளி. கெமர் ரூஜ் அதை எஸ்-21 என்ற ரகசியச் சிறையாக மாற்றியது. அதை நடத்திய துச் என்பவர் முன்பு கணக்கு வாத்தியார். ஏறத்தாழ 18,000 பேர் அந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுபோகப்பட்டார்கள். உயிரோடு வெளியே வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலானவர்களை இரவில் லாரியில் ஏற்றி, சுமார் 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோயுங் ஏக் என்ற இடத்தில் கொன்று புதைத்தார்கள். இந்த இரண்டு இடங்களும் இன்று நினைவகங்கள். 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன.

இவ்வளவு தெரிந்தாலே போதும். மீதியை அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

படி 2: யார் உள்ளே, யார் வெளியே

என் கணக்கு இதுதான். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களை இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போக வேண்டாம். "எல்லாத்தையும் தெரிஞ்சுக்கட்டும்" என்று சொல்லும் அப்பாக்களை எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளட்டும், ஆனால் உங்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ரத்தக்கறை படிந்த தரையின் படத்தை ஒன்பது வயதில் பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

அதனால் பெரியவர்கள் இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஒருவர் சின்னப் பிள்ளைகளோடு ஆற்றங்கரையிலோ ஹோட்டலிலோ இருக்கட்டும். மற்றவர்கள் போய்விட்டு வந்ததும் அவர் போகட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எப்போதும் அம்மா தலையிலேயே விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

வயதானவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். "அம்மா, அது நிறைய பேரைக் கொன்ற இடம். மண்டையோடெல்லாம் வச்சிருக்காங்க. வர்றீங்களா, இல்ல ரூம்ல இருக்கீங்களா?" சாவு நடந்த இடத்துக்குப் போவதில் சிலருக்கு மனத்தடை இருக்கும். அண்மையில் வீட்டில் துக்கம் நடந்தவர்களுக்கு அது இன்னும் அதிகமாக இருக்கும். வற்புறுத்தாதீர்கள்.

படி 3: கிளம்புமுன் உள்ளூரில் இரண்டு இடங்கள்

பதின்வயதுப் பிள்ளைகள் வருவதாக இருந்தால் இந்தப் படியை விடாதீர்கள். அதிகச் செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் தமுக்கம் பக்கத்தில் இருக்கும் காந்தி மியூசியம். 1959இல் ராணி மங்கம்மாள் அரண்மனைக் கட்டடத்தில் தொடங்கப்பட்டது. பள்ளியிலிருந்து பலமுறை கூட்டிப்போயிருப்பார்கள், வரிசையாக நடக்கவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருப்பார்கள். இந்தமுறை நேராக அந்தத் துணி இருக்கும் இடத்துக்குப் போங்கள். 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி, கறையோடு கண்ணாடிக்குள் இருக்கிறது. எதுவும் விளக்காமல் பிள்ளையை அங்கே கொஞ்சநேரம் நிற்கவிடுங்கள். கேள்வி கேட்கிறதா, அமைதியாகிவிடுகிறதா, வெளியே போகலாம் என்கிறதா என்று கவனியுங்கள். புனோம் பென்னில் அந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்று ஓரளவு இங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது ஆங்கிலேய அரசின் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அவர்களின் நினைவுத்தூண் ஊரில் இருக்கிறது. கம்போடியாவில் நடந்ததும் இதுவும் ஒன்றல்ல, அளவும் நோக்கமும் வேறு. ஆனாலும் ஓர் அரசு மனிதர்களைக் கூட்டமாகப் பிடித்து, "நீங்கள் எல்லாரும் குற்றவாளிகள்" என்று முதலில் காகிதத்தில் எழுதிவிடுகிறது. துப்பாக்கி அப்புறம்தான் வருகிறது. இதை உசிலம்பட்டி வெயிலில் நின்று கேட்ட பிள்ளைக்கு, துவோல் ஸ்லெங் கைதிகளின் எண்ணிட்ட படங்கள் வேறு மாதிரித் தெரியும்.

படி 4: பயண ஏற்பாடு

மதுரையிலிருந்து சிங்கப்பூர் வழியாகவோ திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகவோ போகலாம். விசாவை ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். அங்கே அமெரிக்க டாலர் நன்றாகச் செல்லும், ஆனால் கிழிந்த நோட்டை வாங்கமாட்டார்கள். சில்லறையாக, சுத்தமான நோட்டாக எடுத்துப்போங்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை போதும். நம்மவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, அரைக்கால் சட்டை போடும் அண்ணன்மார்கள் மட்டும் கவனிக்கவும்.

திட்டத்தாளில் ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். துவோல் ஸ்லெங் ஒரு காலை, சோயுங் ஏக் மறுநாள் காலை. அரை நாளில் இரண்டையும் முடித்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் துவோல் ஸ்லெங்கையே தேர்ந்தெடுப்பேன். காரணத்தை அடுத்து சொல்கிறேன்.

படி 5: துவோல் ஸ்லெங் உள்ளே

காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். வெயிலும் குறைவு, கூட்டமும் குறைவு.

டிக்கெட்டோடு ஆடியோ கருவியும் வாங்கலாம். ஆளுக்கொன்று காதில் மாட்டிக்கொண்டால் குடும்பம் ஆளுக்கொரு மூலையில் போய்விடும். பிள்ளை எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் ஒருவர் மட்டும் கேட்டுத் தமிழில் மெல்லச் சொல்வது நல்லது. ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் இருப்பதால் வேண்டாததைத் தாண்டிவிடலாம். ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்கும் இதுவே வழி.

எப்படி நடந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். "இழவு வீட்டுக்குப் போற மாதிரி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். அங்கே யாரும் "வாங்க" என்று சொல்லமாட்டார்கள், நாமும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொள்வதில்லை. சத்தமாகப் பேசுவதில்லை, செல்ஃபி எடுப்பதில்லை. மதுரைப் பக்கத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும். சிரிக்கும் முகத்தின்மேல் கோடு போட்ட பலகையை அங்கே பார்ப்பீர்கள். சிரிக்காதீர்கள் என்று அர்த்தம். நமக்கு அது தேவைப்படாது.

நான்கு கட்டடங்கள் இருக்கின்றன. ஏ கட்டடத்தின் அறைகளில் ஓர் இரும்புக் கட்டிலும் சுவரில் ஒரு படமும் மட்டும். 1979இல் நகரம் மீண்டபோது அந்தக் கட்டில்களில் கிடந்தவர்களின் படங்கள் அவை. மனம் இளகியவர்கள் இந்தக் கட்டடத்தை விட்டுவிடலாம். முற்றத்தில் இருக்கும் 14 வெள்ளைக் கல்லறைகள் இங்கே கடைசியாகக் கிடைத்த உடல்களுடையவை. அங்கே நின்று கும்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பி கட்டடத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறைக்கு வந்த அன்றே ஒவ்வொரு கைதியையும் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆண்கள், பெண்கள், பள்ளிச் சிறுவர்கள், கைக்குழந்தையோடு ஒரு தாய். பெரும்பாலானவர்கள் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். அத்தனையையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் நில்லுங்கள். துவோல் ஸ்லெங்கை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இந்த அறைகள்தான்: இறந்தவர்களை எண்ணிக்கையாகப் பார்க்காமல் ஆளாகப் பார்க்க முடிகிறது.

சி கட்டடத்தில் வகுப்பறைகளைச் செங்கல்லாலும் பலகையாலும் சின்னச் சின்னக் கொட்டடிகளாகத் தடுத்திருக்கிறார்கள். வராந்தா முழுக்க முள்கம்பி வலை. கைதிகள் மாடியிலிருந்து குதித்துச் செத்துவிடக் கூடாதாம். என் மகள் வகுப்பறை ஒன்றில் நின்று, "கரும்பலகை அப்படியே இருக்கேப்பா" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

டி கட்டடத்தில் சித்திரவதைக் கருவிகளும், உயிர்தப்பிய ஓவியர் வான் நாத் வரைந்த படங்களும் இருக்கின்றன. பிள்ளைகளை இங்கே கூட்டிப்போகும் முன் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இடையில் யாராவது "போதும்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிக்கெட் காசை நினைக்க வேண்டாம். முற்றத்தில் மர நிழலும் பெஞ்சும் உண்டு.

படி 6: சோயுங் ஏக்

இது திறந்தவெளி. முன்பு சீனர்களின் இடுகாடும் பழத்தோட்டமும் இருந்த இடம். பள்ளம் பள்ளமாகக் கிடப்பவை தோண்டியெடுக்கப்பட்ட கூட்டுப் புதைகுழிகள். மழை பெய்தால் இன்னமும் எலும்புத்துண்டும் துணிக்கிழிசலும் மேலே வரும். பாதையைவிட்டு இறங்காதீர்கள், எதையும் தொடாதீர்கள். குழந்தைகளைக் கொன்ற மரத்தைச் சுற்றி, வந்தவர்கள் மாட்டிவிட்டுப் போன வண்ணக் கயிறுகள் தொங்கும்.

நடுவில் 1988இல் கட்டிய தூபி. கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காக மண்டையோடுகள். செருப்பைக் கழற்றிவிட்டு, பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கும்பிடலாம். அங்கே என் அம்மா கேட்டார்: "இவங்களுக்கெல்லாம் யாரு திதி குடுப்பா?" பதில் இருக்கிறது. கம்போடியர்கள் ஆண்டுதோறும் பச்சும் பென் என்று பதினைந்து நாள் முன்னோர்களுக்கு விகாரைகளில் சோறு படைக்கிறார்கள். பெரும்பாலும் நம் மகாளய பட்சத்தையொட்டியே வரும். கேட்க ஆளில்லாமல் போனவர்களுக்கும் சேர்த்தே அந்தச் சோறு. அம்மாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் கேட்பார்கள், சொல்லத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: அன்று மாலை

நேராக ஹோட்டலுக்குத் திரும்புங்கள். தலைக்குக் குளிக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்தால் அதற்கு நேரம் விடுங்கள். ஷாப்பிங், டான்ஸ் நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரையில் நடந்தால் பேச்சு தானாக வரும்.

பிள்ளைகள் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்கட்டும். "ஏன் கொன்னாங்க?" தாங்கள் நினைத்த மாதிரி ஒரு நாட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார்கள்; அதற்கு இடைஞ்சல் என்று ஆசிரியர்கள், மருத்துவர்கள், பிக்குகள், கடைசியில் தங்கள் கட்சிக்காரர்களையே எதிரியாக்கினார்கள். "யாரும் தடுக்கலையா?" வியட்நாம் படை வந்த பிறகுதான் முடிந்தது. "தண்டனை கிடைச்சுதா?" தாமதமாக, சிலருக்குக் கிடைத்தது. போல் பாட் 1998இல் சர்வதேச நீதிமன்ற விசாரணை எதையும் சந்திக்காமலே இறந்துவிட்டான். துச்சுக்கு 2012இல் ஆயுள் தண்டனை உறுதியானது. 2018இல் நுவோன் சியா, கியூ சம்பான் என்ற இரு தலைவர்கள்மீது இனப்படுகொலைக் குற்றம் நிரூபணமானது. வியட்நாமியர்களைக் குறிவைத்து அழித்ததற்காக இருவர்மீதும், சாம் என்ற சிறுபான்மை முஸ்லிம்களை அழித்ததற்காக நுவோன் சியாமீதும் வந்த தீர்ப்பு அது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அன்று மண்டையோட்டுப் படம் எதையும் அனுப்ப வேண்டாம். சித்தப்பாவோ பெரியம்மாவோ "இன்னைக்கு எங்க போனீங்க?" என்று கேட்டால், ஊருக்கு வந்து நேரில் சொல்கிறேன் என்று எழுதுங்கள், அப்படியே வந்து சொல்லுங்கள்.