சீல் வைத்த வழக்கும் துப்பாக்கி உரிமையும்: அமெரிக்காவில் பலர் சறுக்கும் இடங்கள்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 16 வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து வழிப்பறி. கலிபோர்னியாவின் சிறார் நீதிமன்றம் விசாரித்தது, சில வருடம் கழித்து ரெக்கார்டுக்கு சீலும் வைத்தது. இப்போது வயது 27. துப்பாக்கிக் கடைக்குப் போய், ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடையாள அட்டையை நீட்டுகிறார். அந்த மாநிலத்தில் 10 நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறார். கடைசியில் வருவது மறுப்பு. “எல்லாம் அழிந்துவிட்டது என்றுதானே சொன்னார்கள்?” என்று கடைக்காரரிடம் கேட்கிறார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறு இதுதான். சீல் என்பது ஊரார் கண்ணிலிருந்து வழக்கை மறைப்பது. துப்பாக்கி உரிமை திரும்புவது முற்றிலும் வேறு சமாச்சாரம். கலிபோர்னியச் சட்டப்படி, வழிப்பறி போன்ற கடுமையான குற்றங்களுக்காகச் சிறார் நீதிமன்றத்தின் பொறுப்பில் வைக்கப்பட்டவர் 30 வயது ஆகும்வரை துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. சீல் வைத்த கோப்பையும் இந்தத் தகுதியைப் பார்ப்பதற்காக மாநில நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, Department of Justice என்ற அரசுத் துறை) திறந்து பார்க்கலாம். வாஷிங்டன் மாநிலத்திலும் இந்தக் கேள்வி அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. சீல் வைத்ததாலேயே துப்பாக்கித் தடை விலகிவிடாது என்று 2019இல் தீர்ப்பு வந்தது.

அடுத்தது, ‘இந்த வயதோடு தடை போய்விடும்’ என்று நண்பர் சொன்னதை நம்புவது. நண்பர் பொய் சொல்லவில்லை, அவருடைய மாநிலம் வேறு, அவ்வளவுதான். சிறார் வழக்கில் ஃபெலனி (சிறு குற்றங்களுக்கு மேற்பட்ட கடுமையான குற்றம்) அளவிலான குற்றம் உறுதியானால் ஃபுளோரிடாவில் 24 வயது வரை தடை. வர்ஜீனியாவில் 29 வரை, கொலை போன்ற சிலவற்றுக்கு ஆயுள் முழுக்க. வாஷிங்டனில் வயது கணக்கே கிடையாது. தடை தானாகப் போகாது, நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் விலக்க வேண்டும். இடம் மாறினால், குடியேறிய மாநிலத்தின் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

எந்த நீதிமன்றம் விசாரித்தது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. அப்போது 17 வயது என்பதால் அது சிறார் வழக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வழக்கு பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அது முழுத் தண்டனைதான். ஃபெடரல் தடையும், அதாவது நாடு முழுவதற்குமான மத்திய அரசுச் சட்டத்தின் தடையும், சேர்ந்துகொள்ளும். சிறார் நீதிமன்றத் தீர்ப்பைப் பொதுவாக ஃபெடரல் சட்டம் தண்டனையாக எண்ணுவதில்லை. அதனால் தீர்ப்பின் நகலைக் கையில் வாங்கிப் படிக்காமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது என்பேன். கடையில் தரும் 4473 படிவத்தில், தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு அப்போதுதான் சரியான பதில் எழுத முடியும். தெரிந்தே பொய் எழுதினால், துப்பாக்கி கைக்கு வராவிட்டாலும் அது தனிக் குற்றம். 21 வயதுக்குக் கீழே என்றால் இன்னும் உஷார் வேண்டும். 2022இல் வந்த சட்டப்படி சிறார் ரெக்கார்டையும் தேடுகிறார்கள், அதற்காக 10 வேலைநாள் வரை விற்பனையை நிறுத்தி வைக்கலாம்.

வாஷிங்டனில் தடையை விலக்க மனுப் போட, பெரும்பாலான ஃபெலனிகளுக்கு, புதிதாக எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாமல் தொடர்ச்சியாக 5 ஆண்டுகள் வெளியில் இருந்திருக்க வேண்டும். இதில் பலர் கோட்டை விடுவது ‘தொடர்ச்சியாக’ என்ற சொல்லில்தான். நான்காவது வருடம் குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. நிலுவையில் ஒரு வழக்கு இருந்தாலும் மனு நிற்காது. மிகக் கடுமையான முதல் வகுப்பு ஃபெலனி, பாலியல் குற்றம் என்றால் இந்த வழியே இல்லை.

மனுப் போட்டாயிற்று, கிடைத்த மாதிரிதான் என்று ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடம்) போய் வாடகைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள் சிலர். தடை இருக்கும்போது கையில் எடுப்பதே ‘வைத்திருப்பது’தான், அரை மணி நேரமானாலும் சரி. அப்பாவின் துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருந்து, சாவி எங்கே என்று இவருக்கும் தெரிந்தால், அதுவும் வம்பு. தடை இருக்கும்வரை அதை இவர் தொட முடியாத பெட்டியில் பூட்டி, சாவியை அப்பாவே வைத்துக்கொள்ளட்டும்.

கலிபோர்னியாக்காரர்களுக்கு ஒரு சின்ன வசதி உண்டு. கடைக்குப் போவதற்கு முன்பே, 20 டாலர் கட்டி, தன் தகுதியை மாநில நீதித்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம் 27 வயதுக்காரர் அதைச் செய்திருந்தால் கடையில் அந்த அவமானம் மிச்சம்.

துப்பாக்கி உரிமையைத் திருப்பித் தரும் உத்தரவு கிடைத்த பிறகும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். நீதிமன்றத்தில் மாறியது, வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் (பேக்ரவுண்ட் செக்) எஃப்பிஐயின் கணினியில் மாறாமல் கிடக்கலாம். முத்திரையிட்ட நகல்கள் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். பேக்ரவுண்ட் செக்கில் மறுத்தால் எஃப்பிஐயிடம் முறையீடு செய்யலாம். அடிக்கடி இதே தொல்லை என்றால், உங்கள் ஆவணங்களை அவர்களே கோப்பில் வைத்துக்கொண்டு ஒரு தனி அடையாள எண் தருவார்கள். அடுத்த முறை 4473இல் அந்த எண்ணை எழுதினால் போதும், பழைய கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை.