படிப்பவரை உண்மையிலேயே அஞ்ச வைக்கும் கதையை எழுதுவது எப்படி

எழுத்தால் ஒருவரை உண்மையிலேயே அச்சுறுத்த முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே என் உறுதியான பதில். ஆனால் திரைப்படம் அச்சுறுத்தும் வழியில் முடியாது. திரையரங்கில் நம்மைத் துள்ள வைப்பது பெரும்பாலும் திடீரென்று எழும் ஓசை. அதைக் கேட்டு உடல் தானாகவே அதிர்கிறது. மனம் அதற்கு இசைய வேண்டியதில்லை. தாளில் இருக்கும் சொல்லுக்கு அந்த ஆற்றல் கிடையாது. படிப்பவர் தம் வேகத்தில் படிக்கிறார், விரும்பிய இடத்தில் நிறுத்துகிறார், பத்தியின் கடைசி வரியை முன்கூட்டியே கண்ணால் மேய்ந்தும் விடுகிறார். எனவே ‘திடீரென்று’ என்று தொடங்கி, வியப்புக்குறிகளை அடுக்கி, ‘வீல்’ என்ற அலறலில் முடியும் வாக்கியங்களை முதலில் கைவிடுங்கள். வரப்போவது இன்னதென்று படிப்பவரே ஊகித்து, அது வந்துவிடக் கூடாதே என்று தவித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டும்படி செய்வதுதான் எழுத்துக்கு இயலும். அதைச் செய்துவிட்டால் அந்த அச்சம் புத்தகத்தை மூடிய பிறகும் உடன் வரும்.

இரத்தத்தையும் நிணத்தையும் நம்புவது இரண்டாவது தவறு. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் இறந்தவர்களின் பற்களை அரிசியாகக் கொண்டு கூழ் சமைத்து உண்கின்றன. கோரத்தில் அதற்கு ஈடான பகுதிகள் மிகக் குறைவு. ஆயினும் அதைப் படிப்பவர் நடுங்குவதில்லை, வியக்கிறார், சில இடங்களில் சிரிக்கவும் செய்கிறார். அந்நூலை இயற்றிய செயங்கொண்டார் விரும்பியதும் அதுவே. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் விரித்துக் காட்டிவிட்டால் படிப்பவர் பார்வையாளராகிவிடுகிறார். பார்வையாளருக்கு ஆபத்து இல்லை. ஆங்கில நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப், அவர் மறைந்தபின் 1826இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் இதையே வேறு வகையில் சொன்னார்: தெளிவின்றி நெருங்கிவரும் கிலி மனத்தை விரித்து விழிப்படையச் செய்கிறது, கண்முன் விழும் கோரம் அதைச் சுருக்கி உறைய வைக்கிறது.

அச்சம் பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பேசும் மெய்ப்பாட்டியல் அணங்கு (வருத்தும் தெய்வம், பேய் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆளும் தலைவர்) என நான்கைக் கூறுகிறது. உங்கள் கதை இவற்றுள் எதன்மீது நிற்கிறது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். பேயும் பாம்பும் கொலைகாரனும் ஒரே வீட்டில் கூடினால் எதற்கும் வலு இராது.

மறைத்துக் காட்டும் கலையைக் கற்க நான் பரிந்துரைப்பது டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட ‘குரங்கின் பாதம்’ என்ற சிறுகதை. மூன்று வரங்களைத் தரும் உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்று ஒரு முதிய தம்பதியின் கைக்கு வருகிறது. முதல் வரமாக அவர்கள் 200 பவுண்டு கேட்கிறார்கள். மறுநாள் மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான். நிறுவனம் இழப்பீடாகக் கொடுக்கும் தொகை அதே 200 பவுண்டு. சில நாட்கள் கழித்து, மகன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று கேட்கும்படி தாய் கணவரை வற்புறுத்துகிறாள். அப்போது தந்தை தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொல்கிறார்: உடைகளைக் கொண்டுதான் மகனை அடையாளம் காண முடிந்தது. ஜேக்கப்ஸ் அதற்கு மேல் அந்த உடலைப் பற்றி எதையும் விவரிப்பதில்லை. பிறகு இரவில் கதவு தட்டப்படுகிறது. தாய் ஓடிப்போய்த் தாழ்ப்பாளுடன் போராடுகிறாள். தந்தை இருட்டில் தரையைத் துழாவிப் பாதத்தைத் தேடி எடுத்து மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். கதவு திறக்கும்போது வெளியே வெறும் தெரு மட்டுமே இருக்கிறது.

வாசலில் நின்றது எது என்பதை ஆசிரியர் எழுதவே இல்லை, ஆனால் அதைப் பார்க்காத வாசகர் யாரும் இருக்க முடியாது. தட்டும் ஓசை கேட்பதற்கு முன்பே அந்த உருவத்துக்கான பொருள்கள் நம் மனத்தில் வைக்கப்பட்டுவிட்டன: இயந்திரம், சிதைந்த உடல், கல்லறையில் கழிந்த நாட்கள். நீங்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம். அச்சத்துக்குரிய உண்மையை, அது இன்னும் அச்சம் தராத ஓர் இடத்தில், உரையாடலின் நடுவே ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். உச்சக்கட்டத்தில் அதைத் திரும்பச் சொல்லாதீர்கள். வாசகர் தாமே நினைவுகூர வேண்டும். இந்தக் கதையில் கிலியோடு துயரமும் கலந்திருப்பதைக் கவனியுங்கள். தாய்க்கு அந்தக் கதவு திறக்க வேண்டும், நமக்குத் திறக்கக் கூடாது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாத்திரத்தின்மீது அன்பு பிறக்காத கதையில் அவருக்கு என்ன நேர்ந்தாலும் வாசகருக்குக் கவலை இராது. ஆகவே முதல் பக்கங்களைப் பேய்க்கு ஒதுக்காமல், அந்த வீட்டு மனிதர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எதற்குச் சண்டையிடுகிறார்கள் என்பதற்கே ஒதுக்குங்கள்.

வாக்கிய அளவில் தமிழ் நமக்கு ஓர் அரிய வசதியைத் தருகிறது. வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வருவதால், என்ன நடந்தது என்பதை வாசகர் கடைசிச் சொல் வரை காத்திருந்தே அறிய முடியும். ‘விளக்கை அணைத்துவிட்டுத் தனியே படுத்திருந்தவளின் காலிலிருந்து விலகியிருந்த போர்வையை, யாரோ பரிவோடு இழுத்து மூடினார்கள்’ என்ற வாக்கியத்தில் பயங்கரமான சொல் ஒன்றுகூட இல்லை. ‘பரிவோடு’ என்ற சொல்தான் உறுத்துகிறது. ‘அமானுஷ்யமான’, ‘கொடூரமான’ போன்ற அடைமொழிகள் வாசகர் உணர வேண்டியதை அவருக்கு முன்பே உணர்ந்து தீர்த்துவிடுகின்றன. அவற்றை நீக்கிவிட்டு, பார்வையைவிட மணத்துக்கும் தொடுகைக்கும் இடம் கொடுங்கள்.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸ் தம் பேய்க்கதைகள் பலவற்றைக் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவார். நிறுத்தி நிதானிக்கும் அவருடைய நடை அந்த வாசிப்புக்கு ஏற்றதாகவே அமைந்திருக்கிறது. பிறகு, நீங்கள் எழுதும் கதைகளைப் புகழ்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, இரவில் தனிமையில் படிக்கச் சொல்லுங்கள். பயமாக இருந்ததா என்று கேட்க வேண்டாம். சில நாட்கள் கழித்து, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதை மட்டும் அவர் திருப்பிச் சொன்னால், அந்தக் காட்சியின் விவரிப்பில் பாதியை வெட்டிவிட்டு மீண்டும் எழுதுங்கள். நீங்கள் எழுதாத ஒன்றை அவர் விவரமாகச் சொன்னால், அந்தப் பத்தியில் இனி ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.