விண்டோஸ், மேக், லினக்ஸ்: மூன்றுக்கும் ஒரே ஃபோல்டர்

வீட்டில் ஒரு விண்டோஸ் கணினி, ஒரு மேக், உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று. இதிலிருந்து அதற்கு ஒரு வீடியோவை மாற்ற பென் டிரைவைத் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் நமக்கு நாமே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்கிறோம். இரண்டுமே வேண்டாம். மூன்றும் ஒரே ரௌட்டரில் இணைந்திருந்தால் போதும், புதிதாக எந்த மென்பொருளும் போடாமலே கோப்புகளைப் பகிரலாம்.

இதற்கு உதவுவது எஸ்எம்பி என்ற நெறிமுறை, அதாவது கணினிகள் நெட்வொர்க்கில் கோப்பு பகிர்ந்துகொள்ளும் விதிமுறை. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்பு பகிர்வது இதன் வழியாகத்தான். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜல், நெட்வொர்க்கில் ஓடும் தரவைக் கவனித்தே இந்தக் குடும்பத்து நெறிமுறை நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டு, 1992இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு ஒரு நிரல் எழுதி வெளியிட்டார். அதுதான் சாம்பா என்ற மென்பொருளாக வளர்ந்தது. லினக்ஸ் இன்று விண்டோஸோடு பேசுவது அதன் புண்ணியத்தில். ஆப்பிளும் 2013இல் வந்த மேவரிக்ஸ் என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பியையே முதல் தேர்வாக வைத்துக்கொண்டது. ஆகவே இயங்குதளம் வேறு வேறு என்பது இங்கே தடையே இல்லை. தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் கடவுச்சொல்தான்.

எல்லாக் கணினியிலும் எல்லாவற்றையும் பகிர முயல வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பொது ஃபோல்டரை அதில் மட்டும் வையுங்கள். இங்கே விண்டோஸ் 11ஐ வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நெட்வொர்க்

செட்டிங்ஸில் 'நெட்வொர்க் & இன்டர்நெட்' பகுதிக்குப் போய், உங்கள் வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தைத் திறங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். பப்ளிக்கில் இருக்கும்வரை மற்ற கணினிகளுக்குக் கதவு மூடியே இருக்கும். அதே பக்கத்தில் கீழே 'ஐபிவி4 அட்ரஸ்' என்று 192.168.1.5 போல ஓர் எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' போய், பிரைவேட் நெட்வொர்க்கின் கீழ் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' ஓடுகிறதா என்று பாருங்கள்.

பகிர்வுக்கென்று ஒரு தனிக் கணக்கு

பலர் தாண்டிப் போகும் படி இது. தினமும் விண்டோஸுக்குள் நுழைய நாம் அடிக்கும் பின் எண் அந்தக் கணினியில் மட்டும்தான் செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவரிடம் விண்டோஸ் கேட்பது கணக்கின் உண்மையான கடவுச்சொல்லை. கடவுச்சொல்லே வைக்காத கணக்கு என்றால், வெளியிலிருந்து வருபவரை அது உள்ளே விடவே விடாது. மேக்கில் பின் எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துவிட்டு 'லினக்ஸும் மேக்கும் விண்டோஸோடு ஒத்துப்போகாது' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பாவம், மேக்கின் மேல் தப்பில்லை.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட் என்று போங்கள். மின்னஞ்சல் கேட்கும், இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பைத் தொட்டு, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். நல்ல கடவுச்சொல் ஒன்று கொடுங்கள்.

ஃபோல்டரைப் பகிர்தல்

டி டிரைவிலோ சி டிரைவிலோ நேரடியாக ஒரு புது ஃபோல்டர் உருவாக்குங்கள். டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் வேண்டாம். தனிக் கோப்புகளும் பொதுக் கோப்புகளும் கலக்காமல் இருப்பது நல்லது. அதன் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'ஷேரிங்' தாவல், 'ஷேர்' பொத்தான். புதுக் கணக்கைச் சேர்த்து 'ரீட்/ரைட்' அனுமதி கொடுங்கள். பக்கத்திலேயே 'அட்வான்ஸ்டு ஷேரிங்' என்று ஒன்று இருக்கும். அது பகிர்வு அனுமதியை மட்டும் மாற்றும்; ஃபோல்டரின் சொந்த அனுமதியை நீங்கள் தனியாக மாற்ற வேண்டியிருக்கும். புதியவர்களுக்கு எளிய பொத்தானே போதும்.

மேக்கிலிருந்தும் உபுண்டுவிலிருந்தும்

மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட் விசையோடு கே எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ்எம்பி என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு குறித்துவைத்த ஐபி எண். 'ரெஜிஸ்டர்டு யூசர்' தேர்ந்தெடுத்து, புதுக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் ஃபோல்டர் தெரியும்.

உபுண்டுவில் ஃபைல்ஸ் செயலியில் 'அதர் லொகேஷன்ஸ்' அல்லது 'நெட்வொர்க்' பக்கம். அங்குள்ள சர்வர் முகவரிப் பெட்டியில் அதே முகவரி. 'டொமைன்' என்று கேட்டால் இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இணைந்ததும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பை அங்கே போட்டு, திருத்தி, அழித்துப் பாருங்கள். திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை என்றால் 'ரீட்' அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறீர்கள்.

இணையவில்லையா?

முதலில் ஒரு கணினி ரௌட்டரின் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக அதில் இருப்பவை வீட்டின் மற்ற கணினிகளைப் பார்க்க முடியாது. விண்டோஸ் கணினி தூங்கிவிட்டாலும் ஃபோல்டர் காணாமல் போகும். நேற்று வேலை செய்தது இன்று இல்லை என்றால் ஐபி எண் மாறியிருக்கலாம். ரௌட்டர் அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீரும்.

ஃபயர்வாலை அணைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். 'எஸ்எம்பி 1' ஐ இயக்கச் சொன்னாலும் வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். மேலே சொன்ன எதற்கும் அது தேவைப்படாது.

கோப்பின் பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி வேண்டாம். லினக்ஸ் அவற்றை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. பெரிய வீடியோக்கள் நிறைய என்றால் கேபிளில் இணையுங்கள். 10 ஜிபி கோப்பு, 100 மெகாபிட் கேபிளில் எப்படியும் 13 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். கிகாபிட் கேபிளில், டிஸ்க் ஈடுகொடுத்தால், ஒன்றரை நிமிடத்தையொட்டி முடிந்துவிடும்.